நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளும் கம்பனி அறிக்கைகளும்: ஒரு விமர்சன நோக்கு

1

கம்பனிகளின் ஆண்டறிக்கை நெடுங்காலமாக இலாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் தலைவரின் உரையையும் கொண்ட வரட்சியான ஓர் ஆவணமாகவே இருந்துவந்தது. இன்று அது வர்ணப் படங்கள் நிறைந்த பெருநூலாக விரிந்துள்ளது. அந்நூலிலே பெரும்பாலும் தவறாது இடம்பெறுவன சிறிய வர்ணச் சதுரங்கள் சில. 2015 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளின் குறியீடுகளே அவை. வறுமை ஒழிப்பு முதலாம் இலக்கு. கண்ணியமான தொழில் எட்டாம் இலக்கு. பொறுப்பான உற்பத்தியும் நுகர்வும் பன்னிரண்டாம் இலக்கு. இவ்விலக்குகளை ஏற்றுக்கொண்டவை அரசுகளேயன்றிக் கம்பனிகள் அல்ல. அவ்வாறிருக்க, இலாபத்தை நோக்காகக் கொண்ட கம்பனிகள் இவை குறித்துத் தாமாகவே அறிக்கையிட முன்வருவதேன்?

இவ்வினா கடந்த பத்தாண்டுகளாகக் கணக்கியல், முகாமைத்துவத் துறைகளைச் சார்ந்த ஆய்வாளர்களிடையே பெருவழக்குப் பெற்றுள்ளது. அவர்கள் கண்ட விடைகளை அறிமுகஞ் செய்து, அவ்விடைகளிலே விடுபட்டுப்போன ஓர் அம்சத்தைச் சுட்டிக்காட்ட இக்கட்டுரை முற்படுகின்றது. ஓர் எழுத்து யாரை விளித்து எழுதப்படுகின்றது என்பது இலக்கிய விமர்சனத்துக்குப் பழக்கமான வினா. எழுதுவோன் எதைச் சொல்வான், எதைச் சொல்லாது விடுவான் என்பதை அவன் மனத்திற்கொண்ட வாசகனே பெரிதும் நிர்ணயிக்கின்றான். கம்பனி அறிக்கையும் ஓர் எழுத்தே. அதன் வாசகர் யாவர் எனக் கேட்போமாயின், கம்பனிகள் தமக்குத் தீங்கிழைக்க வல்லாரை நோக்கியே அறிக்கையிடுகின்றன என்பதும், தமது தொழிலாலே தீங்குறக்கூடியோர் அவ்வறிக்கையின் பொருளாக இடம்பெறினும் வாசகராக இடம்பெறுவதில்லை என்பதும் புலனாகும்.

2

இவ்வறிக்கையிடலின் வரலாற்றுப் பின்னணியை முதலிலே நோக்குதல் பொருத்தமாகும். 1972 டிசம்பரில் சிலி நாட்டின் சனாதிபதி சல்வடோர் அலெண்டே ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலே உரையாற்றியபோது, பல்தேசியக் கம்பனிகள் தமது நாட்டின் உள்விவகாரங்களிலே தலையிடுவதை வன்மையாகக் கண்டித்தார். மூன்றாம் உலக நாடுகளின் இத்தகைய குரலின் பேறாக, 1974 இல் பல்தேசியக் கம்பனிகளுக்கான ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. அக்கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கக்கோவை ஒன்றை வகுக்கும் பேச்சுவார்த்தைகள் 1977 இல் ஆரம்பமாயின. கம்பனிகள் தாம் இயங்கும் நாடுகளுக்குத் தமது செயற்பாடுகள் பற்றிய தகவல்களை வெளியிடுதல் அக்கோவையின் முக்கிய கூறுகளில் ஒன்றாக அமைந்தது. பதினைந்து ஆண்டுகள் நீடித்த அம்முயற்சி 1992 இல் கைவிடப்பட்டது.

அதன் இடத்தை நிரப்பியவை தன்விருப்பின்பாற்பட்ட ஏற்பாடுகளே. 1997 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே உலகளாவிய அறிக்கையிடல் முனைப்பு தோற்றம்பெற்றது. 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உலகளாவிய இணக்கம் தொடங்கப்பட்டது. 2015 இன் இலக்குகளிலே 12.6 எனக் குறிக்கப்பெறும் உப இலக்கு, கம்பனிகளை, சிறப்பாகப் பெரிய கம்பனிகளையும் பல்தேசியக் கம்பனிகளையும், நிலைபேறான நடைமுறைகளைக் கைக்கொள்ளுமாறும் அவை பற்றிய தகவல்களைத் தமது அறிக்கைகளிலே சேர்க்குமாறும் 'ஊக்குவிக்கும்படி' அரசுகளைக் கேட்கின்றது. இவ்வுப இலக்கு எய்தப்பட்டதா என்பதை அளக்கும் சுட்டி, நிலைபேறு பற்றிய அறிக்கையை வெளியிடும் கம்பனிகளின் எண்ணிக்கையாகும். கட்டுப்படுத்துதல் ஊக்குவித்தலாக மாறியதையும், அளக்கப்படும் பொருள் நடத்தையினின்றும் அறிக்கைக்கு நகர்ந்ததையும் இங்கே மனங்கொள்ளுதல் வேண்டும். அறிக்கையே இலக்காகிவிட்ட ஒரு சூழலில், அறிக்கைகள் பெருகுவது வியப்பன்று.

3

இனி ஆய்வாளர் தரும் விளக்கங்களை நோக்குவோம். அவை பெரும்பாலும் மூன்று கோட்பாடுகளின்பாற்படும். முதலாவது ஏற்புடைமைக் கோட்பாடு. சமூகத்தின் ஏற்பை இழக்கும் நிலை தோன்றும்போது கம்பனிகள் அதனை மீட்டெடுக்க அறிக்கையைக் கருவியாகக் கொள்கின்றன என்பது அதன் சாரம். 1989 மார்ச்சில் எக்ஸன் வால்டெஸ் என்னுங் கப்பலிலிருந்து அலாஸ்காக் கடலிலே எண்ணெய் கசிந்தது. அதன் பின்னர் எக்ஸன் கம்பனி மட்டுமன்றி ஏனைய எண்ணெய்க் கம்பனிகளும் தமது ஆண்டறிக்கைகளிலே சுற்றாடல் பற்றிய பகுதிகளை அதிகரித்தன என்பதை டெனிஸ் பற்றன் 1992 இல் வெளியிட்ட ஆய்விலே எடுத்துக்காட்டினார்.

இக்கோட்பாடு மறுப்பின்றி ஏற்கப்பட்டதெனக் கூறுதற்கில்லை. ஜேம்ஸ் கத்றியும் லீ பாக்கரும் அவுஸ்திரேலியாவின் பி. எச். பி. கம்பனியினது நூறாண்டுக் கால ஆண்டறிக்கைகளை ஆராய்ந்து, சமூக நெருக்கடிகளுக்கும் அறிக்கைகளின் உள்ளடக்கத்துக்குமிடையே கோட்பாடு எதிர்பார்க்கும் இயைபு போதிய அளவு காணப்படவில்லையென 1989 இல் வாதிட்டனர். அதே கம்பனியின் 1983 முதல் 1997 வரையான அறிக்கைகளைக் கிறெய்க் டீகனும் உடனாய்வாளரும் பத்திரிகைச் செய்திகளோடு ஒப்பிட்டு, பத்திரிகைகள் எவற்றைப் பெரிதுபடுத்தினவோ அவற்றைப் பற்றியே கம்பனியும் மிகுதியாக எழுதியதென 2002 இல் காட்டினர். இவ்விவாதம் நமது நோக்கிற்கு மிகவும் பயனுடையது. நெருக்கடி நிகழ்ந்தமை மட்டும் கம்பனியைப் பேசவைப்பதில்லை. அந்நெருக்கடி சக்திவாய்ந்த ஒரு வாசகர் கூட்டத்தின் கண்ணிற்படுதல் வேண்டும் என்பதே அவ்விரு ஆய்வுகளையும் ஒருசேர வாசிக்கும்போது பெறப்படும் முடிபாகும்.

இரண்டாவது, அக்கறையுடைய தரப்பினர் பற்றிய கோட்பாடு. முதலீட்டாளர், கடன்கொடுநர், கொள்வனவாளர், தொழிலாளர், அயலவர் எனப் பல தரப்பினரின் எதிர்பார்ப்புகளுக்குக் கம்பனி ஈடுகொடுக்க முயல்கின்றது என அது கூறும். மூன்றாவது நிறுவனவியற் கோட்பாடு. போல் டிமாஜியோவும் வோல்ற்றர் பவலும் 1983 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலே, ஒரு துறையைச் சார்ந்த நிறுவனங்கள் காலப்போக்கில் ஒன்றையொன்று ஒத்தமைவதற்கு நிர்ப்பந்தம், போலச்செய்தல், தொழில்சார் நியமம் ஆகிய மூன்று காரணங்களைக் குறிப்பிட்டனர். சட்டமோ கொள்வனவாளரோ கேட்பதால் அறிக்கையிடுதல் முதலாவது. போட்டிக் கம்பனி செய்வதால் தானுஞ் செய்தல் இரண்டாவது. கணக்காளர், ஆலோசகர் முதலியோரின் தொழிற்பயிற்சியும் பரிசளிப்புகளும் வகுக்கும் நெறியைப் பின்பற்றுதல் மூன்றாவது.

4

இக்கோட்பாடுகளை அடியொற்றி, 2015 இன் இலக்குகள் பற்றிய அறிக்கையிடலையே சிறப்பாக ஆராய்ந்தவருள் பிரான்செஸ்கோ றொசாற்றி, லூரென்சோ பாரியா ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர். 2019 இல் வெளியான அவர்களது ஆய்வுகளின்படி, இவ்விலக்குகள் குறித்து முந்திக்கொண்டு அறிக்கையிட்ட நிறுவனங்கள் பருமனிற் பெரியவை. அருவச் சொத்துகள் மிகுந்தவை. ஏற்கனவே நிலைபேறு பற்றிய சட்டகங்களோடு தொடர்புடையவை. அறிக்கையை வெளியாரைக்கொண்டு உறுதிப்படுத்துபவை. பணிப்பாளர் சபையிலே பெண்களின் விகிதம் கூடியவை. பணிப்பாளரின் வயது குறைந்தவை. நாடுகளின் காலநிலை அபாயம், கல்வி, பண்பாடு, தொழிற்சந்தை அமைப்பு என்பனவும் செல்வாக்குச் செலுத்துகின்றன என அவர்கள் கண்டனர். இவை கவனமாகத் திரட்டப்பட்ட முடிபுகள் என்பதில் ஐயமில்லை. பின்வந்த பல ஆய்வுகளும் இவற்றையே பல்வேறு நாடுகளிலே பரிசோதித்துள்ளன.

எனினும் இவ்வகை ஆய்வுகள் பலவற்றின் முறையியல் விமர்சனத்துக்குரியது. ஓர் அறிக்கையிலே ஓர் இலக்கு குறிப்பிடப்பட்டிருப்பின் 1, இல்லையேல் 0 எனப் புள்ளியிட்டு, அப்புள்ளிகளைக் கூட்டிச் சுட்டியொன்றை அமைத்து, அதனைக் கம்பனியின் பருமன், இலாபம், பணிப்பாளர் சபையின் அமைப்பு முதலியவற்றோடு தொடர்புபடுத்துதல் வழக்கமாகிவிட்டது. ஒரு காவியத்திலே 'அறம்' என்னுஞ் சொல் எத்தனை முறை வருகின்றது என எண்ணி, அக்காவியத்தின் அறநோக்கை மதிப்பிடுவதற்கு இஃது ஒப்பானது. எண்ணுதல் பயனற்றதன்று. ஆனால் எண்ணப்படுவது சொல்லேயாதலின், சொல்லுக்குஞ் செயலுக்கும் உள்ள தொலைவை அது காட்டமாட்டாது. எட்டாம் இலக்கின் சதுரத்தை ஓவியமாக மட்டும் அச்சிட்ட கம்பனியும், தனது ஊழியரின் ஊதியத்தைத் தரவாரியாகப் பகுத்து வெளியிட்ட கம்பனியும் இத்தகைய சுட்டியிலே ஒரே புள்ளியைப் பெறக்கூடும்.

கே. பி. எம். ஜி. என்னும் சர்வதேசக் கணக்காய்வு நிறுவனத்தின் அளவீடுகள் இதனைத் தெளிவுபடுத்துகின்றன. ஒவ்வொரு நாட்டினதும் முதல் 100 கம்பனிகளிலே தமது செயற்பாடுகளை இவ்விலக்குகளோடு இணைத்துக் கூறியவை 2017 இல் 39 சதவீதம். 2020 இல் 69 சதவீதம். 2022 இல் 71 சதவீதம். வளர்ச்சி விரைவானதே. ஆயின், 2020 இன் அளவீடு மற்றுமொரு செய்தியையுங் கூறிற்று. இலக்குகள் பற்றி எழுதிய கம்பனிகளுள் 86 சதவீதமானவை தமது நற்பணிகளை மட்டுமே கூறின. இலக்குகளுக்குத் தாம் விளைக்கும் பாதகங்களைக் குறிப்பிட்டவை 14 சதவீதம் மட்டுமே. அறிக்கையிடத் தூண்டிய காரணிகளை மட்டும் ஆராய்வோர் 71 சதவீதத்தை விளக்க முற்படுகின்றனர். உண்மையில் விளக்கம் வேண்டிநிற்பது 86 சதவீதத்தின் மௌனமே.

5

அம்மௌனத்துக்குரிய காரணம் அறிக்கையின் வாசகரிடம் உள்ளது. இலங்கையின் நிலைமை இதற்குத் தக்க சான்று. 2017 இன் 19 ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டம் இவ்விலக்குகளுக்கெனப் பேரவையொன்றை நிறுவியபோதும், இலங்கைக் கம்பனிகளை அறிக்கையிட வைத்த சக்திகள் பெரிதும் வேறு திசைகளிலிருந்தே வந்தன.

அவற்றுள் முதன்மையானது ஏற்றுமதிச் சந்தை. ஆடைத் தொழிலும் தேயிலையும் அந்நிய கொள்வனவாளரை நம்பி நிற்பவை. பிரித்தானியாவின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் 2007 இல் தனது சுற்றாடல் திட்டத்தை அறிவித்ததையடுத்து, 2008 இல் துல்ஹிரியவிலே அந்நிறுவனத்துக்கு ஆடை வழங்கும் பசுமைத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் வங்காளதேசத்தின் றானா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபின், மேலைத்தேயக் கொள்வனவாளர் தமக்கு ஆடை வழங்குவோரைப் பற்றிக் கேட்கும் வினாக்கள் மேலும் பெருகின. தேயிலைத் தோட்டங்கள் மழைக்காட்டுக் கூட்டணி முதலிய அமைப்புகளின் சான்றிதழைப் பெறுவதும் இதன்பாற்பட்டதே. இரண்டாவது, தொழில்சார் நியமம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் முதலிய அமைப்புகள் சிறந்த ஆண்டறிக்கைகளுக்கு வழங்கும் பரிசுகள், கம்பனிகளிடையே கடும் போட்டியை ஏற்படுத்தியுள்ளன. போலச்செய்தல் என டிமாஜியோவும் பவலும் கூறியது கொழும்பிலே கண்கூடு.

மூன்றாவது, மூலதனச் சந்தை. சர்வதேச நிலைபேற்று நியமங்கள் சபை 2023 ஜூனில் எஸ் 1, எஸ் 2 என இரு நியமங்களை வெளியிட்டது. அவற்றைத் தழுவிய இலங்கை நியமங்கள் 2025 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பெரிய பட்டியலிட்ட கம்பனிகளில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வருவனவாக அமைந்தன. அந்நியமத்தின் வாசகத்திலேயே நாம் தேடும் விடை எழுதப்பட்டுள்ளது. அறிக்கையின் முதன்மைப் பயனாளர், நடப்பிலுள்ளவரும் வருங்காலத்தவருமான முதலீட்டாளரும் கடன்கொடுநருமே என அது வரையறுக்கின்றது. வெளியிட வேண்டிய தகவல் எது என்பது, அது கம்பனியின் எதிர்கால வாய்ப்பைப் பாதிக்குமா என்பதைக்கொண்டே துணியப்படும். வரட்சி கம்பனியின் இலாபத்தைக் குறைக்குமாயின் அது அறிக்கைக்குரிய பொருள். கம்பனி அயலூரின் நீரை மாசுபடுத்துவது, அதனால் கம்பனிக்கு நட்டம் ஏற்படும் வாய்ப்பு உண்டாயின் மட்டுமே பொருளாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் நிறைவேற்றிய பணிப்புரை, உலகம் கம்பனியைப் பாதிப்பதையும் கம்பனி உலகைப் பாதிப்பதையும் ஒருங்கே வெளியிடவேண்டும் என்ற இரட்டைப் பொருண்மைக் கொள்கையை ஏற்றது. ஆயின் 2025 இல் அதன் நடைமுறையைப் பிற்போடவும் அதற்கு உட்படும் கம்பனிகளின் தொகையைக் குறைக்கவும் ஒன்றியமே முற்பட்டது.

6

இவ்விடத்தே மலையகப் பெருந்தோட்டங்களை எடுத்துக்கொள்வது பொருந்தும். அரசின் கையிலிருந்த தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுட் பல பங்குச் சந்தையிலே பட்டியலிடப்பட்டவை, ஆண்டறிக்கை வெளியிடுபவை. வறுமை, கண்ணியமான தொழில், பால்நிலைச் சமத்துவம், தரைவாழ் உயிரினம் ஆகிய இலக்குகள் யாவும் இத்தொழிலோடு நேரடியாகத் தொடர்புற்றவை.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 மார்ச்சில் வர்த்தமானியிலே அறிவிக்கப்பட்டபோது கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என அறிவிக்கப்பட்டபோதும் நீதிமன்றத்தை நாடின. அதே ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. உற்பத்திச் செலவிற் பெரும்பகுதி கூலியே என்பதும், தேயிலையின் விலை ஏலத்திலே தீர்மானிக்கப்படுகின்றதேயன்றித் தம் கையிலில்லை என்பதும் கம்பனிகளின் வாதம். அவ்வாதத்தின் தகுதி இங்கு நமது ஆராய்ச்சிக்குரியதன்று. நாம் கேட்பது வேறு. எட்டாம் இலக்கின் கீழ் எழுதப்படும் பக்கங்களிலே பொதுவாகக் காணப்படுவன பயிற்சி வகுப்பு, மருத்துவ முகாம், சிறுவர் நிலையம், வீடமைப்பு என்பனவே. நாட்சம்பளம் பற்றிய இப்பெரும் பிணக்கு கண்ணியமான தொழில் என்னும் இலக்கின் மையப்பொருளாக அல்லவா இருத்தல் வேண்டும்? முதலீட்டாளனை விளித்து எழுதப்படும் நூலிலே, அப்பிணக்கு செலவு பற்றிய அபாயமாகவே இடம்பெற இயலும். வாழ்வு பற்றிய வினாவாக இடம்பெற இயலாது.

மொழியும் இதனையே உறுதிசெய்கின்றது. அரச வங்கிகள் முதலிய சில விதிவிலக்குகள் தவிர, இலங்கைக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. கொழுந்து பறிக்கும் பெண் தமிழ் பேசுபவள். அவளது படம் அட்டையை அலங்கரிக்கின்றது. அவளுக்கு அந்நூலை வாசிக்கும் வாய்ப்பில்லை. அவள் அறிந்த ஆவணம் செக்ரோல் ஒன்றே. அன்று அவளுக்கு விழுந்தது முழுப்பேரா, நிறை குறைந்தமையால் அரைப்பேரா என்பதைச் சொல்வது அதுவே. செக்ரோலிலே அரைப்பேர் விழுந்த நாட்கள் ஓராண்டில் எத்தனை என்பதைத் தோட்டவாரியாக வெளியிடுவதற்குக் கணினியுகத்திலே தடையெதுவும் இல்லை. அதைக் கேட்கும் வலிமையுள்ள வாசகர் இல்லாமையே தடை.

7

இதனால் அறிக்கையிடல் முழுவதும் வெறும் அலங்காரமென ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு முடிவுகட்டுதல் அவசரமாகும். வாசகர் மாறின் எழுத்தும் மாறும் என்பதற்கு வரலாற்றிலே சான்றுண்டு. 1984 டிசம்பரில் இந்தியாவின் போபால் நகரிலே யூனியன் கார்பைட் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு அதே கம்பனியின் மேற்கு வேர்ஜீனியாத் தொழிற்சாலையிலும் கசிவு ஏற்பட்டது. இதன் விளைவாக 1986 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சமூகத்தின் அறியும் உரிமையை நிலைநாட்டும் சட்டமொன்று நிறைவேறிற்று. அச்சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு தொழிற்சாலையும், தான் ஆண்டுதோறும் வெளியேற்றும் நச்சுப்பொருள் ஒவ்வொன்றையும் பெயர்குறித்து, அளவுகுறித்து அறிவித்தல் வேண்டும். அத்தகவல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும்.

அச்சட்டம் முதலீட்டாளனை விளிக்கவில்லை. தொழிற்சாலையின் வேலியோரத்திலே குடியிருப்போரை விளித்தது. கம்பனி முழுவதற்குமான கூட்டுத்தொகையைக் கேளாது, இடத்தைக் கேட்டது. விளைவு விரைவிலே தெரிந்தது. முதற் புள்ளிவிபரங்கள் வெளியாகவிருந்த வேளையிலே, 1988 இல் மொன்சாந்தோக் கம்பனி, தான் காற்றிலே கலக்கும் நச்சுப்பொருள்களை 90 சதவீதத்தாற் குறைப்பதாக வாக்களித்தது. போபாலில் மாண்டோரின் அவலத்திலிருந்து பிறந்த உரிமை அமெரிக்கக் குடிகளுக்கே முதலிற் கிட்டியது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. ஆயினும் அது தரும் பாடம் நமக்கும் உரியது.

8

தொகுத்து நோக்குமிடத்து, கம்பனிகளின் பருமன், பணிப்பாளர் சபையின் அமைப்பு, சந்தை, சட்டம், தொழில்சார் நியமம் என ஆய்வாளர் எடுத்துக்கூறும் காரணிகள் யாவும் உண்மையானவையே. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்பது ஏதோவொரு வகையிற் கம்பனியைத் தண்டிக்கவோ பாராட்டவோ வல்ல ஒரு வாசகர் கூட்டமாகும். அவ்வாற்றலைப் பெறாதோரின் வாழ்வு அறிக்கையிலே படமாகும், தரவாகாது.

எனவே நமது பல்கலைக்கழகங்களிலே இத்துறையில் ஈடுபடும் மாணவர், இலக்குச் சதுரங்களை எண்ணும் பணியோடு நின்றுவிடலாகாது. ஓர் அறிக்கை எந்த மொழியில் வெளியானது, எவரிடம் கையளிக்கப்பட்டது, தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவராவது அதனை வாசித்தாரா, அதிலுள்ள கூற்றுகளைச் செக்ரோலோடும் சம்பளச் சீட்டோடும் ஒப்பிட்டால் எஞ்சுவது என்ன என்னும் வினாக்களையும் அவர்கள் எழுப்புதல் வேண்டும். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பகிரங்க அதிகாரசபைகளிடமிருந்து தகவல் பெறும் வழியைத் திறந்துள்ளது. அவ்வுரிமையின் எல்லையை, மக்களின் உழைப்பையும் நீரையும் நிலத்தையும் பயன்படுத்தும் கம்பனிகளை நோக்கி விரிக்கவேண்டுமா என்பது விவாதிக்கப்படவேண்டிய பொருளாகும். தோட்டவாரியான தரவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுமாறு கோருவது அவ்விவாதத்தின் முதற்படியாக அமையலாம்.